புகார் கடிதம்: காது கேளாத இராஜபாளையம் குட்டியும் கூட்டிச் சொன்ன வயதும்

அனுப்புநர்:
குட்டி வாங்கிய வாடிக்கையாளர்கள்,
பெரம்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
நாய்க்குட்டி விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: இரண்டு காதும் கேளாத இராஜபாளையம் ஆண் குட்டியை வயது கூட்டிச் சொல்லி விற்றது குறித்து.

ஐயா,

உங்களிடம் வாங்கிய பால்வெள்ளை இராஜபாளையம் குட்டிக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. கால்நடை மருத்துவரின் அறிக்கையை இணைத்துள்ளோம். இது பிறவிக் குறை என்றும், முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லை என்றும் உங்கள் ஊழியர் பதில் எழுதியிருக்கிறார். பிறவிக் குறை என்பது உண்மை. தெரிந்துகொள்ள வழியில்லை என்பதை எங்களால் ஏற்க முடியாது.

இராஜபாளையம் இனத்தில் காது கேளாமை வருவது நாய் வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்த விஷயம். வெள்ளை நாய் எல்லாவற்றுக்கும் வருவதில்லை. ஆனால் மேனியை வெளுக்க வைக்கும் அதே நிறமிச் செல் குறைபாடு உட்காதிலும் இருந்தால், அங்கே காக்ளியா என்ற நத்தைச் சுருள் வடிவக் கேட்கும் உறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் திசு சுருங்கி, ஒலியை உணரும் செல்கள் மடிந்துவிடும். குட்டிக்குக் காதுத் துளை திறப்பதே பிறந்து ஏறக்குறைய 2 வாரம் கழித்து. செல்கள் மடிவது 3, 4 வாரத்தில். ஆகவே 6 வாரம் ஆவதற்குள் கேட்குமா கேட்காதா என்பது முடிவாகிவிடுகிறது. ஒரு ஈத்துக் குட்டிகளை 8 வாரம் தாயோடு வைத்துப் பார்த்துக்கொண்டவருக்கு இது கண்ணில் படாமல் போகாது. சோற்றுத் தட்டுச் சத்தத்துக்கு மற்றவை எழுந்து ஓட, ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும். விளையாட்டில் உடன்பிறந்தது வலியில் கத்தினாலும் கடியை விடாது.

சோதிப்பதும் கடினமல்ல. குட்டியைத் தனியே வைக்க வேண்டும். கூட்டத்தில் இருந்தால் மற்றவற்றைப் பார்த்துத் தானும் திரும்பும். அது தூங்கும்போது பின்பக்கமிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பார்க்கலாம். கதவை அறைந்தால் தரை அதிரும், பக்கத்தில் கைதட்டினால் காற்று படும். அந்த இரண்டுக்குமே காது கேளாத குட்டியும் விழித்துக்கொள்ளும் என்பதால் அவை சோதனை ஆகாது. ஒரு காது மட்டும் கேட்காததை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. தலையில் மின்முனை வைத்துப் பார்க்கும் பேயர் பரிசோதனையில்தான் அது தெரியும். அதனால்தான் இணை சேர்ப்பதற்கு முன் பெற்றோர் நாய்களையே சோதிக்க வேண்டும் என்கிறோம். ஒரு காது மட்டும் கேளாத தாய் வெளியே பார்க்கக் குறையில்லாததுபோல் இருக்கும், குறை குட்டிகளுக்கு இறங்கக்கூடும்.

உங்களுக்குக் குட்டி கொடுத்தவர் இதைக் கவனிக்காததன் காரணம், அவர் அதை 8 வாரம் வைத்திருக்கவே இல்லை என்பதுதான். அதற்கான சான்று குட்டியின் வாயிலேயே இருந்தது. விற்பனைச் சீட்டில் வயது 9 வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். 8 வாரக் குட்டிக்குப் பால்பற்கள் 28-ம் வந்திருக்க வேண்டும். இதற்குக் கடைவாய்ப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டிருந்தன. 5 வாரத்துக்குச் சற்று மேல் என்று மருத்துவர் குறித்திருக்கிறார். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில் உள்ளது. தாயிடமிருந்து அத்தனை சீக்கிரம் பிரித்தால், வலிக்காமல் கடிப்பது எப்படி என்று குட்டி கற்றுக்கொள்ளாது. அதிலும் காது கேளாத குட்டிக்கு அந்த வாரங்கள் இரட்டிப்பாகத் தேவை.

தடுப்பூசி அட்டையும் நம்பும்படி இல்லை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் சீட்டு இல்லை, தொகுதி எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண் இல்லை. ஒரு முத்திரை மட்டும் இருக்கிறது. உண்மையான வயதை வைத்துக் கணக்கிட்டால், அட்டையில் உள்ள முதல் ஊசித் தேதியில் குட்டிக்கு 4 வாரம்கூட ஆகியிருக்காது. அந்த வயதில் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியே ஊசி மருந்தை முறித்துவிடும். இந்த அட்டையை நம்பிப் பூங்காவுக்குக் கொண்டுபோயிருந்தால், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் தாக்கியிருக்கக்கூடும். நல்லவேளையாக, அட்டையைப் பொருட்படுத்தாமல் மருத்துவர் ஊசிகளை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ் 'பின்னால் வரும்' என்றீர்கள், இன்னும் வரவில்லை. குட்டியின் தோலுக்கடியில், அடையாள எண் கொண்ட மைக்ரோசிப்பும் இல்லை. சிப் எண் இல்லாமல் எந்தச் சான்றிதழ் வந்தாலும் அது இந்தக் குட்டிக்குரியது என்று எப்படி நம்புவது? மேலும், அந்தச் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், உடல்நலத்தை அல்ல. உங்கள் விளம்பரம் இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுகிறது. அதை மாற்ற வேண்டும்.

தாய் நாயைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, 'ஊரில் இருக்கிறது' என்று சொல்லி, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்தில் காரிலிருந்து குட்டியைக் கொடுத்தார்கள். தாயை அதன் இடத்தில் காட்ட மறுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய குறை. தாயின் மடியையும் மேனியையும் பார்த்தால் எத்தனை ஈத்து ஈன்றது, என்ன சாப்பாடு கிடைத்தது என்று தெரியும். 18 மாதம் ஆகாத பெண் நாயை இணை சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. தாயைக் காட்டாத இடத்தில் அதை யார் சரிபார்ப்பது?

வேறு குட்டி மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். திருப்பிக் கொடுத்தால் இந்தக் குட்டி இன்னொருவருக்கு விற்கப்படும், அல்லது பால்வெள்ளையாக இருப்பதால் வளர்ந்ததும் இணைக்கு விடப்படும். இது எங்களிடமே இருக்கும். கை சைகையில் பழகத் தொடங்கிவிட்டது. வாரை அவிழ்த்துத் தெருவில் விட முடியாது, தூங்கும்போது திடீரெனத் தொட்டால் மிரண்டு கடிக்கும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கோரிக்கைகள் இவை. குட்டியின் விலையையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தர வேண்டும். பெற்றோர் நாய்களின் சிப் எண்களையும், குட்டி கொடுத்தவரின் மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணையும் எழுத்தில் தர வேண்டும். அந்த ஆண் நாயையும் பெண் நாயையும் மறுபடி இணை சேர்க்கக் கூடாது. இதே ஈத்தில் மற்றக் குட்டிகளை வாங்கியவர்களுக்குக் காதைச் சோதிக்கும்படி உடனே தகவல் சொல்ல வேண்டும். பணத்தைவிட இந்தக் கடைசிக் கோரிக்கை அவசரமானது. கூப்பிட்டால் வரும் என்று நம்பி அவர்கள் குட்டியைச் சாலையோரம் அவிழ்த்து விடக்கூடும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், மாநில விலங்குகள் நல வாரியத்திலும் முறையிடுவோம்.

இணைப்பு: விற்பனைச் சீட்டு, பணம் செலுத்திய ரசீது, தடுப்பூசி அட்டையின் நகல், மருத்துவரின் அறிக்கை, பற்களின் புகைப்படங்கள், உங்கள் விளம்பரத்தின் நகல்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்கள்