நிக்கோடெமஸ் கைவிடப்பட்ட ஊர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் புல்வெளிச் சமவெளியில் ஆளரவமற்றுப் போன ஊர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கன்சாஸ் மாநிலத்தின் நிக்கோடெமஸ் சிற்றூரையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தது. அங்கே நிரந்தரமாகக் குடியிருப்போர் இன்று இருபது பேர்கூட இல்லை என்பது உண்மைதான். ஆயினும் அதைக் கைவிடப்பட்ட ஊர் என்பது பெரும் பிழை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் சொந்த நிலம் தேடி 1877ஆம் ஆண்டு உருவாக்கிய ஊர் அது. அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து புறப்பட்ட முந்நூறுக்கும் மேற்பட்டோர், எல்லிஸ் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வெட்டவெளியைக் கடந்து வந்து சேர்ந்தனர். வீடு கட்ட மரம் கிடைக்காத நிலம் அது. ஆகவே சாலமன் ஆற்றை ஒட்டிய மண்ணைக் குடைந்து, மேலே கிளைகளையும் புல்லையும் மண்ணையும் பரப்பி, அந்தக் குழிகளுக்குள் குடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி, ஊர் எங்கே என்று கேட்டபோது, தரையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த புகையைக் கணவர் சுட்டிக்காட்டியதாகவும், அதைக் கண்டு தாம் அழுதுவிட்டதாகவும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வந்தவர்களில் பல குடும்பங்கள் மனம் தளர்ந்து திரும்பிச் சென்றன. எஞ்சியவர்கள், ஏரும் மாடும் போதாத நிலையில், மண்வெட்டியால் கொத்தியே முதல் விதைப்பை முடித்தார்கள். வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் பகிர்ந்தளித்த இறைச்சியால்தான் முதல் குளிர்காலத்தைத் தாண்டினோம் என்று அவர்களின் சந்ததியினர் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள்.

பத்தாண்டுகளுக்குள் அங்கே கடைகள், தேவாலயங்கள், பள்ளி, விடுதி, இரண்டு செய்தித்தாள்கள் எல்லாம் வந்துவிட்டன. ரயில் பாதையைத் தங்கள் ஊர் வழியாகக் கொண்டுவருவதற்காக 16,000 டாலர் கடன்பத்திரம் வெளியிடவும் மக்கள் வாக்களித்தார்கள். ஆனால் 1888இல் பாதை ஆற்றுக்குத் தெற்கே போடப்பட்டது. வணிகர்களில் பெரும்பாலோர் ரயிலைத் தொடர்ந்து போக் என்னும் புதிய ஊருக்குப் பெயர்ந்தார்கள். தங்கள் கட்டுரை கதையை இவ்விடத்தில் முடித்துவிடுகிறது. கடைக்காரர்கள் போனார்களே தவிர உழவர்கள் போகவில்லை. 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் மேலும் பலரை நகரங்களுக்குத் துரத்தின. 1953இல் அஞ்சலகமும் மூடப்பட்டது. அப்போதும் சில குடும்பங்கள் நிலத்தை விற்காமல் கோதுமை பயிரிட்டு வந்தன. முன்னோர் உழுத நிலங்களில் சில இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் கையிலேயே இருக்கின்றன.

ஆண்டுதோறும் ஜூலை மாதக் கடைசி வார இறுதியில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அந்த வம்சாவளியினர் நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகிறார்கள். அடிமைத்தளையிலிருந்து பெற்ற விடுதலையைக் கொண்டாடும் அந்த விழாவில் ஊர்வலமும் வழிபாடும் விருந்தும் உண்டு; தாத்தா பாட்டி பிறந்த இடத்தைப் பேரப்பிள்ளைகள் கண்டறிவதும் அப்போதுதான். 1996இல் அமெரிக்க அரசு இவ்வூரைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. 1939இல் கட்டிய சுண்ணாம்புக்கல் ஊர்மன்றம் இன்னும் நிற்கிறது.

ஆகவே அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மக்கள்தொகை எண்ணோடு, அங்கே இன்றும் நடக்கும் வேளாண்மையையும் ஜூலை விழாவையும் அத்திருத்தத்தில் சேர்த்தால், கட்டுரையைப் படித்த மாணவர்களுக்கும் சரியான செய்தி போய்ச் சேரும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி