ஐஸ் பெட்டியில் கேஸ் முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே தோசை மாவு அரைத்து விற்பவள் நான். வெள்ளி, சனி இரண்டு நாளும் 12 கிலோவுக்குக் குறையாமல் போகும். என் பிழைப்பு முழுக்க இரண்டு கதவு ஐஸ் பெட்டி (ஃப்ரிட்ஜ்) ஒன்றை நம்பித்தான் ஓடுகிறது. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அது காலை வாரிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால், நான்கு டப்பா மாவும் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டில் இருந்த கீரைமேல் வழிந்திருந்தது. புளித்த வாடை வீடு முழுக்க. ஆனால் மேலே ஃப்ரீசரில் இருந்த மீன், தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும்படி கல்லாகக் கிடந்தது. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் எனக்கு 280 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சியிருக்கும்.

பழுது பார்க்க ஒருவர் வந்தார். பேர், ஊர் வேண்டாம். கீழ்க்கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டினார், மூடினார். "கேஸ் முடிஞ்சு போச்சுக்கா" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சமையல் கேஸ் மாதம் ஒரு முறை முடிகிறதே, இதுவும் அப்படித்தானே என்று நினைத்தேன். இரண்டுக்கும் நம் வாயில் ஒரே பேர். அங்கேதான் நாம் விழுகிறோம். நான் காப்பி போட்டு வருவதற்குள் பின்பக்கம் ஏதோ செய்து முடித்துவிட்டார். "சுவிட்சை அணைச்சு, ரெண்டு கதவையும் திறந்தே வையுங்க. நாளைக்குப் போடுங்க, கேஸ் செட் ஆகணும்" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் அடுப்படித் தரையெல்லாம் தண்ணீர். போன் போட்டுக் கேட்டேன். அது கேஸ் தண்ணீர் என்றார்! நானும் துணி போட்டுத் துடைத்தேன்.

பெட்டி ஓடியது. சரியாகப் பதினோரு நாள். பிறகு பழைய குருடி கதைதான்: மேலே கல், கீழே வெதுவெதுப்பு. திரும்பக் கூப்பிட்டால் இப்போது கம்பிரசர், அதாவது பெட்டியின் மோட்டார், போய்விட்டதாம், 650 வெள்ளியாம்.

என் அப்பா தோட்டத்து எஞ்சின் வீட்டில் ஃபிட்டர். சாயந்திரம் எஞ்சினைப் போட்டால்தான் லயத்தில் விளக்கெரியும், இரவு பத்துக்கெல்லாம் நின்றுவிடும். அந்தக் கரண்டை வைத்துக்கொண்டு யார் ஐஸ் பெட்டி வாங்குவது? யாருக்காவது காய்ச்சல் என்றால் நெற்றியில் வைக்க ஐஸ் கட்டி கேட்டுக் கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) வீட்டு வாசலில் போய் நிற்போம். அப்பாவிடம் தொழில் பழகிய மாமா ஒருவர் இப்போது எங்கள் தாமானிலேயே (குடியிருப்பிலேயே) இருக்கிறார். எழுபத்தைந்து வயது, காது கொஞ்சம் மந்தம். அவரைக் கூட்டி வந்தேன்.

அவர் முதலில் திறந்தது மேல்கதவை. "கேஸ் இல்லைன்னா இந்த மீனு எப்படிம்மா கல்லாச்சு?" என்றார். பிறகு பெட்டியின் பக்கச் சுவரில் என் கையை வைக்கச் சொன்னார். நன்றாகச் சுட்டது. உள்ளேயிருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுவதுதான் ஐஸ் பெட்டியின் வேலையாம். என் பெட்டியில் அந்தச் சூடு வெளியேறும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் ஓடுகின்றன. சுவர் சுட்டால் கேஸ் உள்ளே சுற்றி வருகிறது என்று அர்த்தம். அந்தக் கேஸ், வெல்டு வைத்து அடைத்த குழாய்க்குள்ளேயே போய் வருவது. அதற்குள் எரிவதில்லை, தீர்வதில்லை. எங்கேயாவது ஓட்டை விழுந்தால்தான் குறையும்.

மாமா ஃப்ரீசரைக் காலி செய்து, உள்ளே பின்பக்கம் இருந்த பிளாஸ்டிக் தடுப்பின் திருகுகளைக் கழற்றினார். தடுப்பு வரவில்லை. வெந்நீர் கிண்ணத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால், அலுமினியத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வெள்ளைப் பாறை. விசிறி இறக்கையின் விளிம்புவரை ஐஸ். குளிர்ந்த காற்றைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளுவது அந்த விசிறிதான். வழி அடைத்துக்கொண்டால் மேலே கல், கீழே பொங்கல்.

ஐஸ் சேராத பெட்டி என்று கடையில் விற்கிறார்களே, அதிலும் தகட்டில் உறைபனி படியத்தான் செய்யும். சில மணி நேரத்துக்கு ஒரு தரம் மோட்டார் தானாக நின்று, தகடுகளுக்கு அடியில் ஒரு சூட்டுக் குழாய் எரிந்து அதை உருக்கிவிடும். தண்ணீர் ஒரு குழாய் வழியாக இறங்கி, பின்னால் மோட்டார் பக்கத்தில் உள்ள தட்டில் விழுந்து, மோட்டார் சூட்டிலேயே காய்ந்துவிடும். என் பெட்டியில் அந்தச் சூட்டுக் குழாய் கருகிப் போயிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. ஆக, அன்றைக்கு இரவு முழுக்கக் கதவைத் திறந்து வைத்ததில் ஐஸ் தானாக உருகியிருக்கிறது. என் தரையில் ஓடியது அதுதான். பெட்டி பதினோரு நாள் ஓடியதும் அதனால்தான்.

ஈப்போவில் அதே அளவுக் குழாய் 38 வெள்ளி. கூலி கொடுத்தால் மாமா வாங்கவில்லை, இரண்டு கிலோ மாவை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று மாதமாகப் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது.

கேஸ் ஒழுகவே ஒழுகாது என்று நான் சொல்லவில்லை. ஒரு கதவுப் பெட்டியில் ஐஸைக் கத்தியால் குத்திப் பெயர்க்கிறோமே, அப்படி ஓட்டை போட்ட வீடுகள் எங்கள் வரிசையிலேயே உண்டு. அப்போது மேலேயும் உறையாது, மோட்டார் நிற்காமல் ஓடும், பக்கச் சுவர் சில்லென்று கிடக்கும். அதைச் சரி செய்ய ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும், பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றை இழுக்க வேண்டும், பிறகு எடை போட்டுத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். என் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் தாளில் ஆர் 600ஏ, 58 கிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு கோழிமுட்டை எடைதான். இந்த ஆர் 600ஏ கேஸ் சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம், தீப்பிடிக்கும். தராசும் பம்பும் இல்லாமல் வாயில் சிகரெட்டோடு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மாமா சொன்ன இன்னும் இரண்டு மூன்று. கரண்டு போய் வந்தால் உடனே சுவிட்சைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுக்கணும். கதவு ரப்பர் பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுக்கணும். சுலபமாக வந்தால் ரப்பர் போயிற்று. ஒரு வெள்ளி நோட்டு இதற்கு ஆகாது, பிளாஸ்டிக், வழுக்கும். உங்கள் பத்திரிகையில் ஒரு துண்டு போதும், கோபித்துக்கொள்ளாதீர்கள். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் நின்றால் வடிகால் துவாரத்தில் அடைப்பு.

ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வழக்கறிஞர் வேண்டாம், கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம். நான் ரசீது வாங்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டவரிடம் எப்படி ரசீது கேட்பது என்று கூச்சப்பட்டேன். நீங்கள் கூச்சப்படாதீர்கள். ஆசிரியர் ஐயா ஞாயிறு பதிப்பில் வீட்டுச் சாமான்களின் பழுது பற்றி ஒரு பத்தி ஒதுக்கினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். கோலம், சமையல் குறிப்பு நிறையப் பார்த்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. கேஸ் ஏற்ற வேண்டுமென்றால் மோட்டார் பக்கத்தில் நசுக்கி அடைத்திருக்கும் ஒரு செப்புக் குழாயை வெட்டியோ துளைத்தோதான் ஆக வேண்டுமாம். மாமா டார்ச் அடித்துக் காட்டினார். அந்தக் குழாயில் வருஷக்கணக்கான தூசி, அதன் மேல் ஒரு சிலந்தி வலை, ஓர் இழைகூட அறுபடவில்லை. 280 வெள்ளி வாங்கிய அந்தத் தம்பி இதைப் படித்தால் வந்து பார்க்கட்டும். வலையை நான் இன்னும் துடைக்கவில்லை.

இப்படிக்கு,
மாவுக்கார அக்கா,
சுங்கை சிப்புட், பேராக்.