பணம் பதிவறை வரை போக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்குவது குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இழப்பீடு கொடுக்க வேண்டியதுதான், மறுப்பில்லை. ஆனால் அது வெளியே வந்துவிட்டவருக்குக் கிடைப்பது. இன்னும் உள்ளே இருக்கும் நிரபராதியைத் தேடிக் கண்டுபிடிக்க யார் செலவு செய்வது? கட்டுரையாளர் அந்தப் பக்கமே போகவில்லை. வழக்குக் கோப்புகளும் சான்றுப் பொருள்களும் வைக்கப்படும் நீதிமன்றப் பதிவறையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு அது உறுத்தியது.

கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிடப்பட்ட கிர்க் பிளட்ஸ்வொர்த்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு சிறுமியைக் கொன்றதாக 1985-ல் தண்டிக்கப்பட்டவர். அவரைப் பார்த்ததாக ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள். முதலில் மரண தண்டனை, மறுவிசாரணையில் ஆயுள். பிறகு டிஎன்ஏ பரிசோதனை கேட்டபோது, சான்றுப் பொருள்கள் அழிக்கப்பட்டிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் அவை ஒரு காகிதப் பையில், நீதிபதியின் அறையில் கிடந்தன! 1993-ல் அவர் விடுதலையானார். அந்தப் பையை யாரேனும் குப்பையில் போட்டிருந்தால் அவர் கதி என்ன? உண்மைக் குற்றவாளி யார் என்பது 2003-ல்தான் தெரிந்தது. அவன் அதே சிறையில் இருந்தவன்.

பிளட்ஸ்வொர்த்தின் பெயரிலேயே, தண்டனைக்குப் பிந்தைய டிஎன்ஏ பரிசோதனைகளுக்கு மாநிலங்களுக்கு உதவும் நிதித் திட்டம் ஒன்றை அமெரிக்கா 2004-ல் சட்டமாக்கியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. சான்றுப் பொருள்களை ஒழுங்காகப் பாதுகாப்பதாக மாநிலங்கள் நிரூபிக்க வேண்டும் என்ற விதி வழியை மறித்தது. 2007-ல் விண்ணப்பித்த மாநிலங்களே மூன்றுதான், மூன்றும் நிராகரிக்கப்பட்டன. 2008-ல்தான் பணம் நகர்ந்தது. விதியில் குற்றமில்லை. பாதுகாக்க வசதியில்லாதவனிடம் பாதுகாத்ததற்கு அத்தாட்சி கேட்டால் அவன் எங்கே போவான் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படி நிதி பெற்ற மாநிலங்களில் ஒன்று வர்ஜீனியா. அங்கே மேரி ஜேன் பர்ட்டன் என்ற ஆய்வக ஊழியர் 1970-களிலும் 80-களிலும் தாம் சோதித்த பஞ்சுக் குச்சிகளின் நுனியையும் துணித் துணுக்குகளையும் கோப்புத் தாளிலேயே டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார். டிஎன்ஏ பரிசோதனை என்ற ஒன்றே வழக்கத்துக்கு வராத காலம். மற்ற பொருள்கள் எல்லாம் அழிந்த பிறகும் இந்தத் துணுக்குகள் மிஞ்சின. 2001-ல் அவற்றில் ஒன்றால் மார்வின் ஆண்டர்சன் என்பவர் நிரபராதி என்று தெரியவந்தது. அதன்பின் சில கோப்புகளை மட்டும் எடுத்துச் சோதித்ததில் மேலும் இருவர் நிரபராதிகள் என்று தெரிய, 2005-ல் பழைய கோப்புகள் அனைத்தையும் அலச ஆளுநர் உத்தரவிட்டார். (அதே பர்ட்டனின் ஆய்வு முடிவுகள் மீது பின்னாளில் சந்தேகம் எழுந்தது தனிக்கதை. ஆய்வகத்தையும் மறுஆய்வு செய்யப் பணம் வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையா?)

பணம் இருந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். பிரிட்டனில் இதற்கென்றே அரசுப் பணத்தில் ஒரு மறுஆய்வு ஆணையம் 1997 முதல் இயங்குகிறது. பாலியல் வன்கொடுமை வழக்கில் 2004-ல் தண்டிக்கப்பட்டு 17 ஆண்டுகள் சிறையில் இருந்த ஆண்ட்ரூ மால்கின்சனின் மனுவை அந்த ஆணையம் இருமுறை தள்ளியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் உடையில் வேறோர் ஆணின் டிஎன்ஏ இருப்பது 2007-லேயே தெரிந்திருந்தும் தள்ளியது. புதிய பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தது ஒரு சிறிய தொண்டு நிறுவனம். அந்த உடைகளைப் போலீஸ் அதற்குள் அழித்துவிட்டிருந்தது. காப்பகத்தில் இருந்த மாதிரிகள் கைகொடுத்தன. 2023-ல் தண்டனை ரத்தானது. ஆகவே நிதியின் ஒரு பங்கு அரசுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் போயாக வேண்டும்.

தடுப்பு நடவடிக்கைகளுக்கு அவ்வளவு செலவுகூட இல்லை. போலீஸ் விசாரணையை முழுவதும் வீடியோவில் பதிவு செய்வது, சந்தேக நபர் யார் என்று தெரியாத அதிகாரியைக் கொண்டு அடையாள அணிவகுப்பு நடத்துவது போன்றவைதாம். அமெரிக்காவில் டிஎன்ஏ மூலம் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வழக்கில் கண்ணால் கண்ட சாட்சியே ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறது.

நிதி ஒதுக்கும்போது வழக்கறிஞருக்கும் ஆய்வகத்துக்கும் எழுதிவிட்டு, பதிவறையை மறந்துவிடுகிறார்கள். ஈரம் புகாத அறை, பொருள்களுக்கு எண்ணிட்ட பட்டியல், தண்டனை முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது என்ற உத்தரவு, பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கச் சம்பளம் கொடுத்து நியமித்த ஓர் ஆள். இவை இல்லாமல் ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது? அடுத்த கட்டுரையிலாவது இதைப் பற்றி எழுதுமாறு தங்கள் நிருபரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றப் பதிவறை எழுத்தர்