தகட்டின் துரு அச்சிட்டதா, உண்மையா?

ஐயா,

பழைய கார் விளம்பரங்களை அச்சிட்ட தகரத் தகடுகளைச் சுவரில் மாட்டுவது அழகுதான். அதில் தப்பேதும் இல்லை. துருவையும் கீறலையும் படத்தோடு சேர்த்தே அச்சிட்டு, 'அந்தக் காலத்து அசல்' என்று தள்ளிவிடுவதுதான் ஏமாற்று.

இவற்றில் பல, தகடாக இருந்ததே இல்லை. 1923-இல் வந்த ஜோர்டன் பிளேபாய் என்ற அமெரிக்கக் காரின் விளம்பரமும், 1959-இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் 'திங்க் ஸ்மால்' விளம்பரமும் பத்திரிகைப் பக்கங்கள். அவற்றின் 'அசல் தகடு' எங்கிருந்து வரும்? பத்திரிகைத் தாளை ஸ்கேன் செய்து பெரிதாக்கித் தகட்டில் அடிக்கிறார்கள். 10 மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழைய அச்சின் புள்ளிகள் மேல் புது அச்சின் புள்ளிகள் ஏறி, அலை அலையாக ஒரு கோலம் தெரியும்.

உண்மையான எனாமல் போர்டு வேறு சாதி. இரும்புத் தகட்டில் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் சூளையிட்டுச் செய்வது. நிறத்துக்கு ஒரு தடவை சூளைக்குப் போவதால், எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் சிறு மேடு தட்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் சூட்டில் தகடு வளைந்துவிடும் என்பதால் முதுகிலும் எனாமல் இருக்கும். ஆனால் எனாமலிலேயே நகல் செய்பவர்களும் உண்டு. மேட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. திருகுத் துளைகளைப் பாருங்கள். பல காலம் சுவரில் இருந்ததில் துளையைச் சுற்றி எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்து, அடிப்பூச்சின் கருமையும் அதன் கீழே கெட்டியான கரும்பழுப்புத் துருவும் தெரியும். உப்பும் அமிலமும் வைத்து வரவழைத்த துரு செம்மஞ்சளாக, விரலில் பொடியாக ஒட்டும். அச்சிட்ட துருவோ தடவினால் வழவழப்பாகவே இருக்கும்.

வாசகங்களும் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் ஐந்து இலக்க 'ஜிப்' அஞ்சல் குறியீடு 1963-இல்தான் வந்தது; 1930-களின் தகடு என்று காட்டுவதில் அது இருந்தால் பேச்சே வேண்டாம். ஃபோர்டு மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்கப்பட்டது. '1920' என்று போட்டுச் சிவப்பு மாடல் டி படம் இருந்தால், வரைந்தவர் பிற்காலத்தவர்.

நகல் என்று தெரிந்தே வாங்குவோருக்கும் சில சொல்ல வேண்டும். மெல்லிய தகரத்தில் வெட்டு விளிம்பும் துளை விளிம்பும் பூச்சில்லாமல் இருக்கும். துரு அங்கேதான் பிடிக்கும். மாட்டுவதற்கு முன்பே அந்த விளிம்புகளில் நிறமற்ற வார்னிஷை மெல்லிய தூரிகையால் ஒரு கை ஓட்டிவிடுங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டால் சுவரின் ஈரம் ஏறாது. எனாமலாக இருந்தால் திருகின் தலைக்கு அடியிலும் ஒரு வாஷர் தேவை; இறுக்கி முறுக்கினால் எனாமல் தெறித்துவிடும். நேர்வெயில் படும் சுவர் அச்சுத் தகட்டுக்கு ஆகாது. பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, படம் நீலம் பாரித்துப்போகும். துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர் பட்டால் மையே கரைந்து வரும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தகட்டின் முதுகில் 'மறுபதிப்பு' என்றும் அச்சிட்ட ஆண்டையும் அழுத்தி முத்திரையிடுங்கள். மையில் வேண்டாம், சுரண்டிவிடுவார்கள்.

இப்படிக்கு,
பழைய விளம்பரத் தகடு சேகரிப்பாளர்கள்