வலையைப் பாதியில் விட்டு வந்தவர்களுக்கு

புதுச்சேரி சோலை நகர் மீனவ அண்ணன்மார் நால்வருக்கும், அந்த ஞாயிற்றுக்கிழமை கடலில் காணாமல் போன எங்கள் இரண்டு பேருக்காகக் கடலிலும் கரையிலும் கோயிலிலும் நின்ற எல்லோருக்கும், நெல்லித்தோப்பிலிருந்து வணக்கம்.

நேரில் வந்து நன்றி சொல்லிவிட்டேன். அது போதாது என்று என் மனைவி சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. நேரில் வந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நீங்களும் "அதெல்லாம் என்னா பெருசு, டீயக் குடி மொதல்ல" என்று முடித்துவிட்டீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால் இதில் யார் பெயரும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஏ.சி. மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் மொட்டை மாடி வெயில், கம்ப்ரஸர், கேஸ். ஏழாம் நாள் கடல். ஒன்பது வருடமாக ஸ்கூபா டைவிங் செய்கிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கே படகு கிளம்பிவிடும் என்பதால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு டைவுக்கும் ஒரு நோட்டில் கணக்கு எழுதி வைப்பது எங்கள் வழக்கம். எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம், சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று இருக்கும். நான் அதோடு அன்றைய புனிதரின் பெயரையும் எழுதுவேன். "18 மீட்டர், 41 நிமிடம், புனித சூசையப்பர்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. நோட்டின் உள்ளட்டையில் ஒரு படம் ஒட்டியிருக்கிறேன். இத்தாலியில் சான் ஃப்ருத்துவோசோ என்ற இடத்தில் 1954-இல் கடலுக்கடியில் இறக்கி வைத்த இயேசுவின் வெண்கலச் சிலை அது. சுமார் 17 மீட்டர் ஆழத்தில், இரண்டு கைகளையும் மேலே தூக்கி, அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். ஒருநாள் அங்கே போய் அந்தக் கைகளுக்கு நடுவே முழங்கால் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, அன்று நடந்ததைச் சொல்கிறேன். தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. கரையிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில், மீன் தங்குவதற்காகக் கான்கிரீட் போட்டு வைத்த இடம். ஆறு பேர் இறங்கினோம். என் ஜோடி ஒரு கல்லூரித் தம்பி. கீழே ஒரு பழைய நைலான் வலை கான்கிரீட்டைச் சுற்றிக் கிடந்தது. உள்ளே ஒரு களவா மீன் இன்னும் உயிரோடு வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி வலையைப் பேய் வலை என்பார்கள். நைலான் மக்காது, யாரும் இழுக்காமலே வருடக்கணக்கில் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டே இருக்கும். நாங்கள் கத்தியை எடுத்து அறுக்கத் தொடங்கினோம். களவாவை விடுவித்துவிட்டோம். ஆனால் அறுத்த அறுப்பில் சேறு கிளம்பி, நீட்டிய கையே தெரியாமல் போயிற்று. நங்கூரக் கயிறு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மூத்தவன் நான்தான் நேரத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதற்காகத் தம்பியின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

கயிறு கிடைக்காவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சிலிண்டரில் இன்னும் 70 பார் அழுத்தத்துக்குக் காற்று இருந்தது. ஆரஞ்சு நிற மிதவைக் குழாயில் காற்று ஊதி நூலோடு மேலே விட்டு, அதைப் பிடித்தபடி நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிகாமல் மெல்ல ஏறினோம். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். என் மணிக்கட்டில் மகள் கோர்த்துக் கொடுத்த பத்துமணிச் செபமாலை உண்டு, எல்லாம் சிவப்பு மணி. ஆழத்தில் முதலில் மறைகிற நிறம் சிவப்புதான், கீழே அந்த மணிகள் கறுத்த புளியங்கொட்டை மாதிரி இருக்கும். 5 மீட்டரில் அவை மெல்லச் சிவக்கத் தொடங்கியபோது, வந்துவிட்டோம் மாதாவே என்று நினைத்தேன். நினைத்தது பாதிதான் சரி. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எங்களை வடக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மார்ச் மாதத்தில் நம் கரையோரம் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்கே எவ்வளவு வேகமாக ஓடும் என்பது மீன்பிடிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தலையை நீட்டியபோது எங்கள் படகு தெற்கே தீப்பெட்டி அளவில் தெரிந்தது. அலை முதுகில் ஏறினால் தெரியும், இறங்கினால் தெரியாது. விசில் ஊதினோம். காற்று தெற்கிலிருந்து அடித்தது, சத்தம் எங்களைத் தாண்டி வடக்கேதான் போயிருக்கும். மணி எட்டு நாற்பது. நீங்கள் எங்களைத் தூக்கியபோது பதினொன்று கால்.

அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. ஒருவர் ஜாக்கெட் பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, குழாயை நட்டமாக நிறுத்திக்கொண்டு மிதந்தோம். செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். இப்போது கோயிலில் சொல்கிற "அருள் நிறைந்த மரியே" வாயில் வரவில்லை. சின்ன வயதில் ஆயா மடியில் உட்கார்ந்து படித்த பழைய மந்திரம் வந்தது: "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க, கர்த்தர் உம்முடனே." முப்பது வருடமாக நான் சொல்லாதது. தம்பி கிறிஸ்தவன் இல்லை. மூன்றாவது பத்து முடிகிறபோது, "அண்ணே, நிறுத்தாதீங்க, நல்லாருக்கு" என்றான். தம்பி, அந்த ஒரு வார்த்தைக்காக உனக்கு முதல் நன்றி. மாஸ்க்கைக் கழற்றாமல், கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாமல், சொன்னபடியே என்னோடு இருந்தாயே, அதற்கும்.

எங்கள் படகோட்டிக்கு அடுத்தது. கீழே இன்னும் நாலு பேர் இருந்ததால் அவரால் உடனே கிளம்ப முடியாது. அந்த இடைவெளியில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலைக் கடலில் போட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்திருக்கிறார். அப்புறம் தெரிந்த படகுக்காரர்கள் எல்லோருக்கும் போன்: "ரெண்டு பேரக் காணோம், வடக்க பாருங்க, ஆரஞ்சு கலர் கொழா வச்சிருப்பாங்க." கரையில் இருந்த நண்பர் ஒருவர் 1554-க்கு அழைத்தார். கடலில் ஆபத்து என்றால் இந்தியக் கடலோரக் காவல்படையை அழைக்கிற எண் அது. கடலுக்குப் போகிறவர் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடமாக இருக்க வேண்டும். அன்று தேடக் கிளம்பிய அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

என் மனைவிக்குச் செய்தி போனபோது பூசை முடிந்து, மகள் மறைக்கல்வி வகுப்பில் இருந்தாளாம். ஃபாதர் அறிவித்ததும் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் திரும்பி உள்ளே வந்து முழங்கால் போட்டிருக்கிறார்கள். எங்கள் அன்பியத்து (பங்கில் எங்கள் பகுதிக் குழு) பெண்கள் இரண்டு பேர் மனைவியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையை விடவே இல்லை. இன்னொரு அக்கா மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், எதையும் சொல்லாமல் தோசை சுட்டுக் கொடுத்து, மத்தியானம் வரை கோலம் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அக்கா, அந்த மூன்று மணி நேரப் பயம் என் மகளுக்குத் தெரியாமலே போய்விட்டது. இதை எப்படித் திருப்பித் தருவேன்?

இப்போது உங்களிடம் வருகிறேன், அண்ணன்மாரே.

எங்கள் குழாயை நீங்கள் முன்பே பார்த்தீர்களாம். யாருடைய வலையின் போயாவோ, அடையாள மிதவையோ என்று விட்டுவிட்டீர்களாம். போன் வந்த பிறகு சின்னவர் மறுபடி பார்த்து, "போயா எங்கயாவது கை ஆட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்போது உங்கள் வலை பாதி படகில், பாதி தண்ணீரில். ஏற்றி முடிக்க இன்னும் அரை மணி ஆகும். பெரியவர் ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "உடு." ஏற்றிய வலையையும் திரும்பத் தண்ணீரில் தள்ளி, நுனியில் ஒரு காலி கேனைக் கட்டிவிட்டு எங்களிடம் வந்தீர்கள்.

படகில் தூக்கிப் போட்டதும் பெரியவர் தூக்குவாளியைத் திறந்து நீராகாரம் கொடுத்தார், வெங்காயம், சுட்ட கருவாடு. தவக்காலத்தில் நான் மீன் தொடுவதில்லை. அன்று தின்றேன். பிறகு ஃபாதரிடம் சொன்னபோது, "அவங்க கொடுத்தத நீ சாப்பிட்டதுதான் சரி" என்றார். கரையில் இறங்கியதும் அம்மன் கோயில் திருநீற்றை எங்கள் இருவர் நெற்றியிலும் பூசிவிட்டீர்கள். மூன்று மணிக்கு என் மனைவி வந்து அதைப் பார்த்தாள், துடைக்கவில்லை.

வலை போய்விட்டது என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து டீக்கடையில்தான் எனக்குத் தெரிந்தது. எந்தப் படகின் காற்றாடியோ கேனை அறுத்துவிட்டது, திரும்பிப் போனபோது அடையாளமே இல்லை. பணம் கொண்டுவந்தேன், வாங்கவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பேய் வலையைக் கண்டால் இத்தனை வருடம் எனக்குக் கோபம்தான் வரும், எவனோ பொறுப்பில்லாமல் வீசிவிட்டுப் போய்விட்டான் என்று. அன்று நான் அறுத்த வலையை யார் எதற்காக விட்டுப் போனார்களோ. அதுவும் யாரையாவது தூக்க ஓடியபோது விட்ட வலையாக இருந்திருக்கலாம். முதல் சீடர்கள் வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனார்கள் என்று நற்செய்தியில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த வலை அப்புறம் என்னாயிற்று, வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அதனால்தான் நீங்கள் ஜி.பி.எஸ்.-இல் குறித்து வைத்திருந்த இடத்தைக் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து, எங்கள் குழுவில் ஆறு பேர், படகோட்டி காசு வாங்காமல் வர, அங்கே இறங்கினோம். இந்த முறை கயிற்றை விடவே இல்லை. இரண்டாவது டைவில் 20 மீட்டரில் வலை கிடைத்தது, ஈயக் குண்டுகள் மணலில் பாதி புதைந்து. மாட்டியிருந்த நண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, காற்றுப் பையில் கட்டி மேலே அனுப்பினோம். முழுதும் இல்லை, மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அந்த ஆறு பேருக்கும் என் நன்றி.

பெரியவர் வலையை மணலில் விரித்து, கண்ணிகளுக்குள் விரல் விட்டு விட்டு நடந்ததை நான் மறக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருந்தது. கிழிந்த இடம் வந்தபோதெல்லாம் நின்று, கட்டை விரலால் ஒரு முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்தார். பதினேழு முடிச்சு. "ரெண்டு நாள் வேல" என்றார்.

வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. மாலைப் பூசைக்கு முன்னால் முழு நாளும் இருக்கிறது. எனக்கு வலை பின்னத் தெரியாது, ஊசியில் நூல் சுற்றிக் கொடுக்கத் தெரியும். சின்னவர் சொல்லிக் கொடுத்துவிட்டார். காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறேன், அண்ணே. டீ என் செலவு.

இப்படிக்கு,
நெல்லித்தோப்பு பங்கிலிருந்து, நீங்கள் தூக்கிவிட்ட தம்பி