தொழில்நோய் மருத்துவத்தைத் தருமபுரி, கிருஷ்ணகிரியிலேயே சொல்லிக்கொடுங்கள்

மருத்துவக் கல்வி இயக்குநரகத்துக்கும், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும்,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர் நான். பி.ஜி.யில், அதாவது மேற்படிப்பில், என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்பவர்களிடம், வேலையாலும் சுற்றுப்புறத்தாலும் வரும் நோய்களைப் பார்க்கும் தொழில்சார், சுற்றுச்சூழல் மருத்துவம் என்று சொன்னால் "அப்படி ஒன்று இருக்கா?" என்கிறார்கள், கேட்பவர்களும் டாக்டர்கள்தான்.

இருக்கிறது. அமெரிக்காவில் அது தடுப்பு மருத்துவத்தின் கீழ் வரும் தனித்துறை, முதல் வருட மருத்துவமனைப் பயிற்சிக்குப் பிறகு இரண்டு வருட ரெசிடென்சி என்ற நிபுணர் பயிற்சி. நமக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான்: மூன்று வருட எம்.டி. சமூக மருத்துவத்தில் ஒரு பகுதியாகப் படிக்கலாம், இல்லையென்றால் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் நிறுவனம் சென்னை தரமணியில் தொழிற்சாலை மருத்துவத்துக்காக நடத்தும் ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதப் படிப்பு. கம்பெனி டாக்டர் ஆக அது உதவும், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் நிபுணர் உருவாக மாட்டார், அதற்கும் சென்னையில் போய் உட்கார ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு யார் விடுப்பு தருவது?

இதையெல்லாம் ஏன் இங்கிருந்து எழுதுகிறேன் என்றால், இந்தப் படிப்புக்கு வேண்டிய நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள். கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் இடங்களில் பறக்கும் சிலிக்கா தூசியில் கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியதுதான் நுரையீரலின் அடி வரை போய்த் தழும்பாகிறது, மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் பல வருடம் ஓடிவிடும். ஓ.பி.க்கு வரும்போது ஆள் இளைத்து இருமிக்கொண்டிருப்பார், எக்ஸ்ரேயில் மேல்பக்கம் நிழல், சளியில் கிருமி இல்லை, இருந்தாலும் டி.பி. என்று முடிவு கட்டி ஆறு மாத மாத்திரை ஆரம்பித்துவிடுகிறோம். சிலிக்கோசிஸ் என்ற இந்தத் தூசி நோய் உள்ளவருக்கு டி.பி. வரும் வாய்ப்பும் நிஜமாகவே அதிகம் என்பதால், எது எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். எக்ஸ்ரேயைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் படிப்பது தனிப் பயிற்சி, எனக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை. என்ன வேலை, எத்தனை வருடம், தண்ணீர் விட்டு அறுத்தீர்களா இல்லை உலர்வாகவா என்று எழுத ஓ.பி. சீட்டில் இடமாவது இருக்கிறதா? சிலிக்கோசிஸைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டமே 89ஆம் பிரிவில் சொன்னது. கண்டுபிடிக்கவே தெரியாதவர் எதைத் தெரிவிப்பார்? சீட்டில் டி.பி. என்று இருக்கும்வரை அந்தத் தொழிலாளிக்கு நஷ்டஈடும் கிடையாது.

கல் மட்டுமில்லை. ஓசூர், தளி பக்கம் பாலிஹவுஸ் ரோஜாவுக்கு மருந்தடிக்கிறவர்கள் மூடிய கூடாரத்துக்குள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு பற்றித் தருமபுரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்ததே அதனால்தான், ஆனால் அதற்கு முன்பே போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் முதுகும் மூட்டும் இன்றைக்கும் வலிக்கிறது, அவர்களுக்கு வலி ஊசிதான் போடுகிறோம்.

சரி, என்ன கேட்கிறேன்? புதுக் கட்டடம் கேட்கவில்லை. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஓசூரில் சிப்காட் இருக்கிறது. பி.ஜி. மாணவர்கள் எல்லோரும் மாவட்ட ரெசிடென்சி என்று மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் இருந்தாக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சமூக மருத்துவம், நெஞ்சக நோய்ப் பிரிவு மாணவர்களுக்கு அந்த மூன்று மாதத்தில் ஒரு பகுதியைக் குவாரிக்கும் ஆலைக்கும் தொழில்நோய் ஓ.பி.க்கும் ஒதுக்குங்கள், இதை அடுத்த பேட்ச்சிலேயே தொடங்கலாம். ஒரு மணி நேரம் பால் பண்ணையைச் சுற்றிக்காட்டி பஸ் ஏற்றி அனுப்புகிற 'இண்டஸ்ட்ரியல் விசிட்' கணக்கில் வராது. அப்புறம், ஏ.எஃப்.ஐ.எச். படிப்பை வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பக்கம் நடத்தும்படி மத்திய அரசுக்கு எழுதுங்கள், போகிற அரசு டாக்டருக்குப் பணிக்காலமாகவே கணக்கு வையுங்கள். எம்.டி. இடங்கள் அதற்கடுத்த பேச்சு, சொல்லிக்கொடுக்க நாலு பேர் இல்லாமல் இடத்தை அறிவித்துப் பயனில்லை.

2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடா வருடம் இலவசப் பரிசோதனை என்கிறது. பரிசோதிக்கப்போவது எங்களைப் போன்றவர்கள்தான், எங்களுக்கு எதைத் தேடுவது என்றே தெரியாவிட்டால் சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம்.

முடியாது என்றால் எந்த விதி தடுக்கிறது என்று மட்டும் பதில் போடுங்கள். அடுத்த மடலை அந்த விதியைப் போட்டவர்களுக்கு எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிருஷ்ணகிரி மாவட்ட ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் ஒருவர்