குடிநோய் வார்டிலிருந்து வெளியே வருகிறவர் எங்கே போவார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழைக்கு முன்பாக பிளாட்பாரத்தில் படுத்திருந்தவர்களை மாநகராட்சி வேனில் ஏற்றும் படம் ஒன்றை வெளியிட்டிருந்தீர்கள். ஏற மறுத்து, கடையின் ஷட்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவரும் அதில் இருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் போலப் பிளாட்பாரத்தில் இருக்கும் இன்னொருவரைத் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் 34 வருடம் தபால்காரனாக இருந்தவன். அதில் பாதிக்கு மேல் சென்னை வால்டாக்ஸ் சாலையும் அதைச் சுற்றிய தெருக்களும்தான் நான் தபால் கொடுத்த பீட். அந்த பிளாட்பாரங்களில் பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கடிதம் வரும். 'கேர் ஆஃப் டீக்கடை', 'கேர் ஆஃப் சைக்கிள் கடை' என்றுதான் விலாசம் இருக்கும். முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், விலாசம் சரியில்லை என்று பணத்தைத் திருப்பி அனுப்ப மனம் வராமல், ஆளைத் தேடித் தெருத்தெருவாகச் சுற்றியிருக்கிறேன்.

நான் சொல்லும் மனிதர் கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். 1996-இல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனபோது அவர் போகவில்லை. மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பாரிமுனைப் பக்கமே லோடு அடித்துப் பிழைத்தார். அந்தக் காலத்தில் உடம்பு வலிக்கு ராத்திரி ஒரு கட்டிங், அவ்வளவுதான். மனைவி இறந்த பிறகு அது காலையிலேயே தொடங்கியது. போன வருடம் ஒருநாள் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவ்வளவு நடுக்கம். "என்னை எங்கேயாவது சேர்த்து விடு சார்" என்று அவராகவே கேட்டார். குடிக்கிறவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது எவ்வளவு அரிது என்பது அந்த வேதனையை வீட்டுக்குள் பார்த்தவர்களுக்குத் தெரியும். என் சொந்தத் தம்பி கடைசி வரை அதைச் சொல்லாமலே போய்விட்டான்.

மறுநாளே ஒரு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். "அட்டெண்டர் யார்?" என்பதுதான் முதல் கேள்வி. கூட இருந்து பார்த்துக்கொள்ள சொந்தக்காரர் யாராவது இல்லாமல் அட்மிஷன் இல்லை என்றார்கள். அண்ணன் என்று பொய் சொல்லி நான் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு நாள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் இரவிலிருந்து சுவரில் பூச்சி ஊர்கிறது என்றார், இல்லாத ஆட்களோடு பேசினார். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம், அதனால்தான் மருத்துவமனையில் வைத்து நிறுத்துகிறோம் என்று நர்ஸம்மா விளக்கினார். ஊசி, மாத்திரை, வைட்டமின் எதிலும் குறையில்லை. ஒன்பதாம் நாள் தானே எழுந்துபோய் ஷேவ் செய்துகொண்டு வந்தார். அவர் முகத்தை நான் அன்றுதான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் பொறுமையாகப் பேசினார். மாத்திரையை விடக்கூடாது, பழைய கூட்டாளிகளோடு சேரக்கூடாது, பழைய இடத்துக்குப் போகவே கூடாது என்றார். எல்லாம் சரியான அறிவுரைதான். அதைக் கேட்டுவிட்டு ஆட்டோவில் ஏறியவர், "எங்க சார் போறது?" என்றார்.

வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த பொறுப்பாளர் மரியாதையாகவே நடத்தினார். ஆனால் இரவு கதவைச் சாத்தும் நேரம் ஒன்று இருக்கிறது. இவருக்கு வேலையே விடியற்காலை இரண்டு மணிக்குத்தான். குடிநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆளும் கிடையாது. மீண்டும் குடித்தால் வெளியேற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். என் வீட்டில் ஒரே அறை, மருமகளும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். கடைசியில் அவர் அதே பிளாட்பாரத்துக்கு, அதே தார்ப்பாய்க்கு அடியில் போனார். நூறடி தூரத்தில் டாஸ்மாக். பகல் 12 மணிக்கு ஷட்டர் தூக்கும் சத்தம் படுத்த இடத்திலேயே கேட்கும். பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். அந்தப் பதினோரு நாளை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன்.

வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கும் என் மகன் பிறகு ஒரு சட்டத்தைப் படித்துக் காட்டினான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மது, போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பும் அதன்படி மனநோயில் அடக்கம். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் சிகிச்சை வேண்டும் என்று தானே கேட்டு வந்து சேரும்போது, உறவினரின் சம்மதமோ அவர் கூட இருப்பதோ தேவையில்லை என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் நான் எதற்காகப் பொய் சொன்னேன்? பொய் சொல்ல ஒரு தபால்காரன் கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? வீடில்லை, குடும்பமில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-ஆம் பிரிவு. இடைநிலை இல்லங்களையும் சிலர் சேர்ந்து வாழும் குழு வீடுகளையும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வெளியே அனுப்புவது நடக்கிறது. அந்த இல்லம் எங்கே?

காப்பகங்களைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்டது. மத்திய அரசுத் திட்டத்தின்படி ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்க இடம். 2011 கணக்கெடுப்பில் அன்றைய சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46 லட்சம். அதன்படி 46 காப்பகம், 4,600 பேருக்கு இடம். அதே கணக்கெடுப்பு எண்ணிய வீடற்றவர்கள் 16 ஆயிரத்துக்கும் அதிகம். விதியை எழுத்து பிசகாமல் நிறைவேற்றினாலும் நான்கில் ஒரு பங்கு போலத்தான் தேறும்.

இந்த ஊருக்கு வழி தெரியாமல் இல்லை. குடிநோய் சிகிச்சைக்காக 1980-இல் இங்கே தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவருக்கு மட்டுமல்ல, அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது. மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993-இல் இங்கே தொடங்கிய பேன்யன் அமைப்பு, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நாலைந்து பேராக வாழ வைத்துக் காட்டியது. உதவிக்கு ஒரு ஆள் கூட இருப்பார். கடைக்குப் போவதும் சமைப்பதும் அவர்களே. குடிநோயிலிருந்து மீளும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதுபோல வீடுகளை மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஏன் நடத்தக் கூடாது? ஆறு மாதம் போதும். காலையில் மாத்திரை கொடுக்க ஒரு ஆள், விடியலில் வேலைக்குப் போய்வரத் திறந்திருக்கும் கதவு, ஆதாருக்கும் வங்கிக்கும் கொடுக்க ஒரு விலாசம். மறுபடி ஒருநாள் குடித்துவிட்டால் தெருவில் தள்ளாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் ஏற்பாடு.

அந்த வீடு பாரிமுனை, ராயபுரம், மூலக்கொத்தளம் போன்ற இடங்களில் இருக்க வேண்டும். பிளாட்பாரக் குடும்பங்களைத் தொலைவில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். லோடு இங்கே, வீடு அங்கே என்றால் விடியற்காலை இரண்டு மணிக்கு எந்த பஸ்ஸில் வருவது? அங்கே கொடுத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய பிளாட்பாரத்துக்கே திரும்பி வந்தவர்களுக்கு நானே கடிதம் கொடுத்திருக்கிறேன்.

போன மாதம் அவரிடம் மறுபடி மருத்துவமனைக்குப் போகலாமா என்று கேட்டேன். முடியாது என்று சொல்லவில்லை. "வெளிய வந்தப்புறம் எங்கன்னு முதல்ல சொல்லு சார், அப்புறம் வர்றேன்" என்றார். மாநகராட்சி ஆணையரும் சுகாதாரத் துறைச் செயலாளரும் உங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்பதால் அவருடைய கேள்வியை அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
ராயபுரம், சென்னை-13.